ஆகஸ்ட் மாசம் வெர்னாஸ்ஸா: வயசான அப்பா அம்மாவோட போகலாமா?

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க மூனிச்ல இருக்கோம். மதுரையிலிருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. ஷெங்கன் விசாதான், அதனால இத்தாலிக்கும் ஒரு நடை போயிட்டு வரலாம்னு ஆசை. சிங்குவே தெர்ரேன்னு அஞ்சு ஊர் (மொந்தெரோஸ்ஸோ, வெர்னாஸ்ஸா, கோர்னிலியா, மனரோலா, ரியோமஜோரே) சேர்ந்த கடற்கரை இருக்கே, அதுல வெர்னாஸ்ஸாங்கற கிராமத்தைத்தான் அம்மா பார்க்கணும்ங்கறாங்க. ரோம் வேண்டாம், வெனிஸ் வேண்டாம், இது போதும்னு பிடிவாதமா நிக்கறாங்க.

சிக்கல் என்னன்னா, என் வீட்டுக்காரருக்கு ஆகஸ்ட் நடுவுலதான் லீவு. அப்பாவுக்கு முழங்கால் வலி. சமதளத்துல நல்லாவே நடப்பார், படி இறங்கறதுதான் ஆகாது. அம்மா சுத்த சைவம், முட்டை கூட எடுத்துக்க மாட்டாங்க.

மிலான்ல ரூம் போட்டுட்டு, காலையில கிளம்பி அஞ்சு ஊரையும் பார்த்துட்டு ராத்திரி திரும்பிடலாம்னு ஒரு யோசனை. எல்லா வீடியோவிலயும் ஒரே நாள் போதும்னு சொல்றாங்க. நிஜமாவே முடியுமா? கார்ல போறது நல்லதா, ரயிலா? போயிட்டு வந்தவங்க மனசு விட்டு சொல்லுங்க.

கல்சுவர் எழுதியது:

சகோதரி, கார் வேண்டவே வேண்டாம். அந்த ஊர்களுக்குள் வண்டி ஓட்ட முடியாது. மேலே நிறுத்த இடம் கிடைத்தாலும், அங்கிருந்து இறங்கி நடப்பது உங்கள் அப்பாவுக்குப் பெரும்பாடு. ரயில்தான் வழி.

ஒரே நாள் கணக்கைப் பார்ப்போம். மிலான் சென்ட்ரலிலிருந்து மொந்தெரோஸ்ஸோவுக்கு நேர் ரயிலிலேயே ஏறக்குறைய மூன்று மணி நேரம். காலை ஏழு மணிக்கு ஏறினாலும் இறங்கும்போது பத்தைத் தாண்டிவிடும். ஃப்ளோரன்ஸிலிருந்தும் பிசாவிலிருந்தும் வரும் சுற்றுலாக் குழுக்கள், லா ஸ்பேசியா துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்குகிறவர்கள், எல்லோரும் வந்து சேரும் நேரமும் அதுதான். பத்திலிருந்து ஐந்து மணி வரை வெர்னாஸ்ஸாவின் தெருவில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. ஐந்து மணிக்கு மேல் அவர்களெல்லாம் ரயிலுக்கும் படகுக்கும் ஓடுவார்கள், நீங்களும் அவர்களோடு ஓடுவீர்கள். கூட்டம் போய், வெர்னாஸ்ஸா நிஜமான ஒரு ஊராக மாறுவதே அதற்குப் பிறகுதான்.

தங்கிப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் வியா ரோமா என்று ஒரே ஒரு பெரிய தெரு. சரிந்துகொண்டே போய்த் துறைமுகச் சதுக்கத்தில் முடியும். சதுக்கத்தின் ஒரு பக்கம் சாந்தா மார்கெரிதா தேவாலயம், எண்கோணக் கோபுரத்தோடு தண்ணீரை ஒட்டியே நிற்கும். 1318-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே பெயர் வருகிற கோயில் அது. மறுபக்கம் பாறை மேல் தோரியா கோட்டையின் உருண்டைக் கோபுரம். நடுவில் சிறு மணல் திட்டு, அலைதடுப்புச் சுவர், கட்டி வைத்த படகுகள். கடல் கொந்தளித்தால் படகுகளை இழுத்து வந்து சதுக்கத்தில் குடை மேசைகளுக்கு அருகிலேயே ஏற்றி வைத்துவிடுவார்கள். அஞ்சு ஊரிலும் இயற்கையாக அமைந்த துறைமுகம் இதற்கு மட்டும்தான்.

காலை ஏழு மணிக்கு அந்தச் சதுக்கத்தில் உங்கள் அப்பா அம்மாவை ஒரு பெஞ்சில் உட்கார வையுங்கள். கடைக்காரர்கள் ஷட்டர் தூக்குவார்கள், சாமான் இறக்குவார்கள், யாரோ வாசலைக் கழுவிவிடுவார்கள். அதைப் பார்க்காமல் நண்பகல் கூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தால், வெர்னாஸ்ஸாவைப் பார்த்ததாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குறைந்தது ரெண்டு ராத்திரி அந்தப் பக்கம் தங்குங்கள்.

சூரிச் தம்பி எழுதியது:

அக்கா, கல்சுவர் அண்ணை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் சூரிச்சிலை இருக்கிறன், கோடை வந்தால் அந்தப் பக்கம்தான் போறனாங்கள். ரெயினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுறன்.

அஞ்சு ஊருக்கும் ஒரு பக்கம் லேவாந்தோ, மற்றப் பக்கம் லா ஸ்பேசியா. அந்த ரெண்டுக்கும் இடையிலை சிங்குவே தெர்ரே எக்ஸ்பிரஸ் எண்டு ஒரு லோக்கல் ரெயின் ஓடும். கோடையிலை கிட்டத்தட்ட கால் மணித்தியாலத்துக்கு ஒண்டு. ஊருக்கு ஊர் நாலைஞ்சு நிமிசம்தான். ஆனால் ஒருக்கா ஏறுறதுக்கே, சீசன் நாளைப் பொறுத்து, 10 யூரோ வரைக்கும் எடுப்பினம். ரெண்டு மூண்டு தரம் ஏறி இறங்கப் போறியள் எண்டால் சிங்குவே தெர்ரே ட்ரெனோ கார்ட் எடுக்கிறதுதான் லாபம். அதிலை அந்த நாள் முழுக்க ரெயின், நடைபாதைக் கட்டணம், ஊருக்குள்ளை ஓடுற சின்ன பஸ், கழிப்பறை எல்லாம் அடக்கம்.

ஒண்டைக் கவனமா வச்சிருங்கோ. வெர்னாஸ்ஸா ஸ்டேசன் ரெண்டு சுரங்கத்துக்கு நடுவிலை கிடக்கு. பிளாட்ஃபாரம் நீளம் போதாது. பின் பெட்டியிலை இருந்தியள் எண்டால் கதவு திறக்கேக்கை வெளியிலை இருட்டாத்தான் இருக்கும். கனபேர் இன்னும் ஸ்டேசன் வரேல்லை எண்டு நினைச்சு உள்ளையே நிண்டு, அடுத்த ஊரிலை போய் இறங்குறவை. நீங்கள் பயப்பிடாமல் இறங்கி, சுரங்கத்துக்குள்ளாலை வெளிச்சம் தெரியிற பக்கம் நடவுங்கோ. வயசான ஆக்களோடை போறதெண்டால் நடுப்பெட்டியிலை ஏறுறது சுகம். ஏறேக்கை நெரிசலிலை பொக்கற்றையும் கைப்பையையும் பிடிச்சுக்கொள்ளுங்கோ, களவு நடக்கிறது அந்த நேரத்திலைதான்.

நடுக்கடல் எழுதியது:

நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசப் போறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆகஸ்ட் நடுவுல சிங்குவே தெர்ரேவுக்கு யாருமே போகக் கூடாதுங்கறது என் கட்சி. ஆகஸ்ட் 15 இத்தாலிக்கே பெரிய விடுமுறை, ஃபெர்ரகோஸ்தோ. வெளிநாட்டுக்காரங்க போதாதுன்னு உள்நாட்டுக்காரங்களும் மொத்தமா கடற்கரைக்கு இறங்கற வாரம். வெர்னாஸ்ஸா நகராட்சியில கோர்னிலியாவையும் சேர்த்து நிரந்தரமா வாழறவங்க ஆயிரம் பேர் கூட இல்லை. அந்த ஊர் மேல நாள்தோறும் பல ஆயிரம் பேர் வந்து இறங்கினா எப்படித் தாங்கும்? வாடகைக்கு விடற ரூம் பெருகப் பெருக, உள்ளூர் இளைஞர்களுக்கு வீடே கிடைக்கலை. கூட்டம் தாங்காம, உச்ச நாட்கள்ல மொந்தெரோஸ்ஸோ - வெர்னாஸ்ஸா நடைபாதையை ஒருவழியாக்கற அளவுக்குப் போயிருக்காங்க.

சிங்குவே தெர்ரே இருக்கற அதே லிகூரியா மாநிலக் கடற்கரையில கமோலின்னு ஒரு ஊர் இருக்கு. ஜெனோவாவிலிருந்து லோக்கல் ரயில்ல முக்கால் மணி நேரம் கூட ஆகாது. கடலைப் பார்த்து வரிசையா உயரமான வண்ண வீடுகள். கிட்டப் போய்ப் பார்த்தா பாதி ஜன்னல், ஜன்னலுக்கு மேல இருக்கற சுதை வேலைப்பாடு எல்லாம் வெறும் பெயின்ட். நிஜ ஜன்னலுக்குப் பக்கத்துல வரைஞ்ச ஜன்னல், அதுக்கு நிழல் கூட வரைஞ்சிருப்பாங்க. அங்கிருந்து படகுல அரை மணி நேரம் போனா சான் ஃப்ரூத்துவோசோ மடாலயம். ரோடே கிடையாது, படகு இல்லன்னா மலைப்பாதை. அந்த விரிகுடாவுல கடலுக்கடியில சுமார் 17 மீட்டர் ஆழத்துல 1954-ல இறக்கி வெச்ச கிறிஸ்து சிலை இருக்கு. அங்கேயும் ஆகஸ்ட்ல கூட்டம் உண்டு, ஆனா மூச்சு விடலாம்.

கல்சுவர் எழுதியது:

நடுக்கடல் சொல்வதில் உண்மை இருக்கிறது. கமோலி அருமையான ஊர், நானும் கைகாட்டுவேன். ஆனால் "யாருமே போகக் கூடாது" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. எப்படிப் போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு அந்த மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

புகைப்படத்தில் நாம் பார்ப்பது வண்ண வீடுகளை. வீடுகளுக்குப் பின்னால் மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகத் தெரிகிறதே, அது இயற்கையாக வந்ததல்ல. சாந்து, சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கல்லை மட்டும் கல்மேல் அடுக்கி, பின்னால் மண் நிரப்பிப் பல நூற்றாண்டுகளாகக் கட்டிய சுவர்கள். திராட்சைக்காகக் கட்டினார்கள். 1997-இல் யுனெஸ்கோ இந்தக் கரையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது அந்த மனித உழைப்பைப் பார்த்துத்தான். தேசியப் பூங்கா 1999-இல் வந்தது. சாந்தில்லாமல் கல் அடுக்கும் கலையே 2018-இல் இத்தாலி உட்பட எட்டு நாடுகளின் பெயரில் யுனெஸ்கோவின் இன்னொரு பட்டியலில் ஏறியது.

சாந்து இல்லாததால் மழைநீர் இடுக்குகள் வழியே கசிந்து போய்விடும். சுவர் நிற்கும். ஆனால் ஆண்டுதோறும் யாராவது பார்த்துப் பார்த்துச் செப்பனிட வேண்டும். ஒரு கல் புடைத்தால் உடனே எடுத்து அடுக்க வேண்டும். ஆட்கள் வேறு வேலைக்குப் போய்த் தோட்டம் கைவிடப்பட்டால், வடிகால் அடைபட்டு, பின்னால் தண்ணீர் தேங்கி, ஒருநாள் மொத்தமாகச் சரியும்.

2011 அக்டோபர் 25 அன்று சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்த மழையில் வெர்னாஸ்ஸாவும் மொந்தெரோஸ்ஸோவும் சேற்றில் புதைந்தன. நான் சொன்ன வியா ரோமா இருக்கிறதே, அதன் அடியில்தான் ஓடையை மூடி வைத்திருக்கிறார்கள். மலையிலிருந்து வந்த சேறும் பாறையும் அந்தத் தெரு வழியாகவே இறங்கி, கடைகளின் தரைத்தளத்தை முழுங்கின. வெர்னாஸ்ஸாவில் மட்டும் மூன்று உயிர்கள் போயின. இன்று ஐஸ்கிரீமோடு நாம் நடக்கிற அதே தெரு. ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு இறங்கித் தோண்டி எடுத்த தெரு.

அதனால், பகலில் வந்து ஒரு படம் எடுத்து, கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைப் போட்டுவிட்டுப் போகிறவருக்கும், அங்கே தங்கி, உள்ளூர் ஒயின், நெத்திலி, எலுமிச்சை என்று வாங்கிச் சாப்பிட்டுப் போகிறவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்தத் திராட்சையை யாரும் வாங்காவிட்டால் சுவரைக் கட்ட யாரும் மலையேற மாட்டார்கள். நடைபாதைக்கு வாங்கும் கட்டணமும் பாதைப் பராமரிப்புக்குப் போகிறது, அதைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

அடுப்பங்கரை எழுதியது:

வைகைக்கரை அக்கா, அம்மாவோட சாப்பாட்டைப் பத்திக் கவலையே படாதீங்க. இத்தாலியிலயே சைவத்துக்கு நல்ல ஊர் லிகூரியாதான்.

ஃபொக்காச்சான்னு ஒரு தட்டை ரொட்டி, ஆலிவ் எண்ணெயும் கல்லுப்பும் போட்டது. காலையில பேக்கரியில சூடா எடுக்கற நேரமா பார்த்துப் போங்க. வெட்டி எடைபோட்டு காகிதத்துல சுத்தித் தருவாங்க, காகிதம் முழுக்க எண்ணெய் ஊறிடும். ஃபரினாத்தா இன்னொண்ணு. கொண்டைக்கடலை மாவு, தண்ணி, எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். நம்ம கடலைமாவு தோசையைக் கனமா ஊத்தி விறகடுப்புல வேகவெச்ச மாதிரி இருக்கும். அம்மா நிச்சயமா ரெண்டாவது துண்டு கேப்பாங்க.

பெஸ்தோ பிறந்த இடமே இதுதான். துளசி இனத்துல ஒரு பச்சிலை, பூண்டு, பைன் கொட்டை, ஆலிவ் எண்ணெய், சீஸ் எல்லாம் சேர்த்து அரைச்சது. அதை ட்ரோஃபியேன்னு முறுக்கின பாஸ்தாவுல, உருளைக்கிழங்கும் பச்சை பீன்ஸும் போட்டுத் தருவாங்க. ட்ரோஃபியே மாவுல பொதுவா முட்டை இருக்காது. வேற பாஸ்தான்னா "சென்ஸா உவோவா" (முட்டை இல்லாம)ன்னு கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. ஒண்ணு மட்டும் முன்கூட்டியே சொல்லிடறேன்: பெஸ்தோவுல போடற பார்மிஜானோ சீஸ், கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கற உறைபொருள்ல செய்யறது. அம்மா அதுல கண்டிப்பா இருந்தா பெஸ்தோ, சீஸ் ரெண்டையும் விட்டுட்டு தக்காளி சாஸ் கேளுங்க. அப்புறம், காய்கறி ஐட்டத்துல நெத்திலி ஒளிஞ்சிருக்கும். "சென்ஸா அச்சூகே" (நெத்திலி இல்லாம)ன்னு சொல்லிடுங்க.

மீன் சாப்பிடறவங்களுக்கு: மொந்தெரோஸ்ஸோ நெத்திலி பேர் போனது. வெர்னாஸ்ஸாவுல தெகாமேன்னு நெத்திலி, உருளை, தக்காளியை அடுக்கி அடுப்புல வேகவெப்பாங்க. உங்க வீட்டுக்காரர் அதை விடக்கூடாது.

மதியச் சமையலறை ரெண்டரை, மூணு மணிக்கு மூடிடும். ராத்திரி ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும். நடுவுல பசிச்சா பேக்கரிதான் கதி. பில்லுல கொபெர்தோன்னு மேசைக் கட்டணம் தலைக்கு ரெண்டு மூணு யூரோ இருக்கும், ஏமாத்தறாங்கன்னு நினைச்சு சண்டை போடாதீங்க, அங்க அது வழக்கம்.

வைகைக்கரை எழுதியது:

ஐயோ, இவ்வளவு விவரம் கிடைக்கும்னு நினைக்கவே இல்லை. எல்லாருக்கும் நன்றி. அம்மா கிட்ட சீஸ் விஷயத்தைச் சொல்லிட்டேன், "அப்ப தக்காளியே போதும்"னுட்டாங்க.

ஒரே நாள் திட்டத்தைக் கைவிட்டாச்சு. ஆனா வெர்னாஸ்ஸாவுக்குள்ள ரூம் தேடினா, ஒவ்வொண்ணுலயும் அறுபது படி, எண்பது படின்னு எழுதியிருக்கு. லிஃப்ட் இருக்கற ரூமே கண்ல படலை. அப்பாவுக்கு இது ஒத்து வராது. வேற எங்க தங்கறது? அப்பா ரயில்வேல வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலையைக் குடைஞ்ச அந்த ரயில்பாதையைப் பார்க்கணும்னு அவருக்கும் இப்ப ஆசை வந்துடுச்சு. முழங்காலுக்குத் தோதா ஏதாவது நடை உண்டா?

சூரிச் தம்பி எழுதியது:

அக்கா, அப்பா ரெயில்வே ஆள் எண்டால் லேவாந்தோவிலை தங்குங்கோ. யோசிக்கவே தேவையில்லை.

லேவாந்தோ சமதளமான ஊர், பெரிய மணல் கடற்கரை, லிஃப்ட் வச்ச ஹொட்டேல் கிடைக்கும். வெர்னாஸ்ஸாவுக்கு ரெயினிலை பத்து நிமிசத்துக்குள்ளை போயிடலாம். விடியக் காலமை ஆறரை, ஏழுக்கு ரெயின் எடுத்தால் கல்சுவர் அண்ணை சொன்ன அந்த நேரத்துக்கே சதுக்கத்திலை நிப்பியள். பத்து மணிக்குச் சனம் வந்து இறங்கேக்கை நீங்கள் திரும்பி வாறியள். பிறகு பின்னேரம் ஆறு மணிக்கு மேலை இன்னொருக்கா போங்கோ. ஆகஸ்ட் நடுவிலை எட்டரை மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும்.

இந்தக் கரையிலை ரெயில்பாதை முதலிலை வந்தது 1874-இலை. அது ஒற்றைத் தண்டவாளம், கடலை ஒட்டிப் போனது. பிறகு மலைக்குள்ளை இரட்டைப் பாதை போட்டு, லேவாந்தோப் பக்கத்துப் பழைய பாதையைக் கைவிட்டிட்டினம். அந்தப் பழைய சுரங்கங்களைத்தான் இப்ப நடக்கிறதுக்கும் சைக்கிளுக்கும் திறந்து விட்டிருக்கினம். லேவாந்தோவிலை இருந்து பொனஸ்ஸோலாவுக்கு அரை மணித்தியால நடை, அங்காலை ஃப்ரமூரா வரைக்கும் போகலாம். ஏத்தம் இல்லை, இறக்கம் இல்லை, ஒரு படி இல்லை. ரெயினுக்கு எண்டு வெட்டின பாதை எப்பிடி ஏறி இறங்கும்? வெளியிலை முப்பது பாகை வெயில் எரிக்கேக்கை உள்ளுக்கை குளிர்ந்து கிடக்கும். சுரங்கத்துக்கும் சுரங்கத்துக்கும் இடையிலை வாய் திறந்த இடத்திலை கீழை கடல் தெரியும், அதிலை இறங்கிக் குளிக்கச் சின்னச் சின்னக் கரையும் இருக்கு. அப்பா அந்தக் கற்கட்டு வளைவைப் பார்த்து உங்களுக்கு வகுப்பே எடுப்பார்.

நடுக்கடல் எழுதியது:

லேவாந்தோ யோசனை ரொம்ப நல்லது, இதுக்கு நானும் கை தூக்கறேன். கூட்டத்தைக் கூட்டாம பார்க்கற வழி இது.

அப்பாவுக்கு இன்னொரு நடையும் ஒத்து வரும். ரியோமஜோரேவிலிருந்து மனரோலாவுக்குப் போற வியா தெல்லமோரே. ஒரு கிலோமீட்டருக்குள்ளதான், பாறையில செதுக்கின சமமான தளப்பாதை. 2012 செப்டம்பர்ல பாறை விழுந்து சுற்றுலாப் பயணிகள் காயப்பட்டதும் மூடினது, முழுசாத் திறக்க 2024 ஆயிடுச்சு. இப்ப மேல வலை, பாறைக்கு ஆணின்னு நிறைய வேலை பண்ணியிருக்காங்க. நேரம் குறிச்சு முன்பதிவு செய்யணும், கார்டோட கூடுதல் கட்டணமும் உண்டு. ரியோமஜோரே பக்கத்துலேர்ந்துதான் நுழையணும், ஒருவழி. விதியும் கட்டணமும் வருஷா வருஷம் மாறுது, போறதுக்கு முன்ன பூங்காவோட அதிகாரப்பூர்வ தளத்துல பார்த்துடுங்க.

கோர்னிலியாவை மட்டும் தவிர்த்துடுங்க. ஸ்டேஷன்லேர்ந்து ஊருக்கு 380 படி கிட்ட ஏறணும். பஸ் உண்டு, ஆனா ஆகஸ்ட்ல அந்த பஸ்ஸுக்கு நிக்கற வரிசையில வயசானவங்களை நிறுத்தறது பாவம்.

வெர்னாஸ்ஸா - மொந்தெரோஸ்ஸோ மலைப்பாதையும் அப்பாவுக்கு வேண்டாம். ரெண்டு மணி நேரம், ஒழுங்கில்லாத கல்படி, கடைசி வரைக்கும். நீங்களும் வீட்டுக்காரரும் மட்டும் வெர்னாஸ்ஸா பக்கத்துலேர்ந்து கால் மணி நேரம் ஏறிப் பாருங்க, உலகம் பூரா சுத்தற வெர்னாஸ்ஸா படம் அங்கிருந்து எடுத்ததுதான். சாயங்கால வெயில் வீடுகள் மேல நேரா விழற நேரமா போங்க. கால்ல ரப்பர் செருப்பு போட்டுட்டுப் போகாதீங்க, அபராதம் 50 யூரோவுலேர்ந்து ஆரம்பிக்குது.

வைகைக்கரை எழுதியது:

முடிவு பண்ணிட்டோம். லேவாந்தோவுல ஸ்டேஷனுக்கும் கடலுக்கும் நடுவுல லிஃப்ட் இருக்கற இடமா புக் பண்ணியாச்சு. விடியக்காலை வெர்னாஸ்ஸா, மத்தியானம் ரூம்ல ஓய்வு, சாயங்காலம் கடல். ஒரு நாள் அப்பாவோட பழைய சுரங்கப்பாதை. வியா தெல்லமோரேவுக்கு முன்பதிவு போட்டாச்சு. சான் ஃப்ரூத்துவோசோவை அடுத்த தடவைக்கு எடுத்து வெச்சிருக்கேன் நடுக்கடல், மறக்க மாட்டேன்.

படகுல போய் கடல்லேர்ந்து ஊரைப் பார்க்கணும்னு அம்மா கேக்கறாங்க. அப்பாவால ஏற முடியுமா? கடைசி நாள் மத்தியானத்துல வெச்சுக்கலாம்னு பார்க்கறோம்.

கல்சுவர் எழுதியது:

கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். கடல் கொஞ்சம் எழும்பினாலே படகை நிறுத்திவிடுவார்கள். ஆகஸ்ட் பிற்பகுதியில் திடீர் இடிமழையும் உண்டு, எச்சரிக்கை வந்தால் நடைபாதைகளையும் மூடுவார்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் அமைதியான காலையிலேயே படகை முடித்துவிடுங்கள்.

ஏறுவது பற்றி: படகின் மூக்கைத் துறைச்சுவரில் முட்ட வைத்து ஒரு குறுகிய பலகையைப் போடுவார்கள். அலைக்கு அது ஏறி இறங்கும். பணியாளர் கையைப் பிடித்து ஏற்றிவிடுவார், ஆனாலும் முழங்கால் வலி உள்ளவர் வெர்னாஸ்ஸாவில் ஏறி இறங்காமல் இருப்பது நல்லது. மொந்தெரோஸ்ஸோவில் ஏறி, நடுவில் எங்கும் இறங்காமல், அஞ்சு ஊரையும் தாண்டி இருக்கிற போர்தோவெனரே வரை உட்கார்ந்தபடியே போங்கள். கோர்னிலியாவுக்குத் துறை கிடையாது, ஆனாலும் ஊர்கள் எல்லாவற்றையும் கடலிலிருந்து பார்த்துவிடலாம். கல்சுவர் அடுக்குகள் எவ்வளவு உயரம் போகின்றன என்பதும் அங்கிருந்துதான் தெரியும். போர்தோவெனரேயிலிருந்து பேருந்தில் லா ஸ்பேசியா, அங்கிருந்து ரயிலில் லேவாந்தோ.

சூரிச் தம்பி எழுதியது:

மற்றது அக்கா, ரெயின் கார்ட்டை ஸ்டேசன் கவுண்டரிலை வரிசையிலை நிண்டு எடுக்காதேங்கோ, முதல் நாள் இரவே ஒன்லைனிலை எடுத்துப் போனிலை வச்சிருங்கோ. லேவாந்தோவிலை இருந்து போகேக்கை கடல் வலப்பக்கம். சுரங்கம் முடியிற இடத்திலை சில செக்கன்தான் தெரியும், அப்பாவை அந்தப் பக்க ஜன்னலிலை இருத்துங்கோ.